கால்நடை மருத்துவரின் முடியாப் படிப்பு

மனிதர்க்கு மருத்துவம் செய்வோர் ஓர் உயிரினத்தைப் பற்றிக் கற்றால் போதும். கால்நடை மருத்துவர் நிலை அத்தகையதன்று. காலையில் மாடு, நண்பகலில் நாய், மாலையில் கோழிப் பண்ணை என்று அவர்முன் வரும் நோயாளிகள் உடலமைப்பால் வேறுபட்டன, உணவால் வேறுபட்டன. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாவதும் உண்டு. நாம் தலைவலிக்கு உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைக் குடித்துவிடும். இத்தனைக்கும் நோயாளி வாய் திறந்து தன் வலி இன்னதென்று சொல்லப் போவதில்லை.

இவ்வளவையும் ஐந்தாண்டுக் கல்லூரிப் படிப்பில் அடக்கிவிட இயலாது என்பது வெளிப்படை. அடக்கினாலும் அது நிலைப்பதில்லை. இருபத்தைந்து வயதில் பட்டம் பெறுகின்றவர் அறுபது வயதுவரை தொழில் செய்கிறார். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் பழைய மருந்துகள் பயனற்றுப் போகின்றன. கல்லூரி நூல்களில் பெயர்கூட இல்லாத நோய்கள் தோன்றுகின்றன. அப்படியாயின், தொழிலில் இறங்கிவிட்ட மருத்துவர் எங்கே படிக்கிறார்? யாரிடம் படிக்கிறார்? இக்கேள்விக்கு விடையாக அமைந்த வரலாறு சுவையானது. நம் நாட்டுக்கு மிக நெருங்கியதுமாகும்.

ஐரோப்பாவில் கால்நடை மருத்துவத்துக்கென முதற் பள்ளியைக் கிளாட் பூர்ஷெலா என்னும் பிரெஞ்சுக்காரர் லியோன் நகரில் 1762ஆம் ஆண்டு திறந்தார். பிரான்சில் மாடுகள் கொள்ளைநோயால் மடிந்துகொண்டிருந்த காலம் அது. லண்டனில் இத்தகைய கல்லூரி 1791இல் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் இரண்டாண்டுகளுக்குள் இறந்துபோகவே, எட்வர்ட் கோல்மன் என்பவர் பொறுப்பேற்றார். இவர் மனிதர்க்கு அறுவை மருத்துவம் பயின்றவர். 1839 வரை, ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள், அந்நாற்காலியில் அமர்ந்திருந்தார். அவர் காலத்தில் படிப்பு சில மாதங்களாகச் சுருங்கிற்று. பாடமும் பெரும்பாலும் குதிரையைப் பற்றியதே. படைக்குக் குதிரை வேண்டும், செல்வர் வண்டிக்குக் குதிரை வேண்டும். ஏழையின் பசுவுக்கும் ஆட்டுக்கும் வக்காலத்து வாங்க யார் இருந்தார்கள்? இவ்வாறு அரைகுறையாகக் கற்று நாட்டுப்புறங்களுக்குச் சென்ற இளைஞர்கள், அங்கே நோயுற்று நின்ற மாட்டின் முன் திகைத்து நின்றார்கள்.

இக்குறையைப் போக்க முன்வந்தோர் கல்லூரிக்கு வெளியே இருந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லியம் பெர்சிவால் 1828இல் ‘வெட்டரினேரியன்’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். வில்லியம் யூவாட் விரைவிலேயே அவருடன் கைகோத்தார். யூவாட் லண்டனில் நாய்களுக்கு மருத்துவம் செய்து வந்தவர். நாய் மருத்துவம் அக்காலத்தில் மதிப்புக் குறைவான வேலை. அவரோ நாயைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் ஆட்டைப் பற்றியும் குதிரையைப் பற்றியும் தனித்தனியே பெரு நூல்கள் எழுதினார். இதழிலோ தொழில் செய்வோர் தாம் கண்ட நோய்களை விவரித்து எழுதினார்கள். ஒருவர் எழுதியதை மற்றொருவர் மறுத்தார். கல்லூரியின் போக்கும் அஞ்சாமல் கண்டிக்கப்பட்டது. பட்டம் பெற்றவர்க்குப் பின்படிப்பு என்று இன்று சொல்லப்படுவது இவ்விதழின் பக்கங்களில் முளைவிட்டது எனலாம். அதற்கு ஆசிரியர் என்று தனியே ஒருவர் இல்லை. தொழில் செய்வோரே ஒருவர்க்கொருவர் ஆசிரியராயினர்.

நிற்க. ஓர் ஊரில் அறிந்தது மற்றோர் ஊருக்குச் சேர்ந்தால் மட்டும் போதாது. ஒரு நாடு அறிந்தது மற்றொரு நாட்டுக்கும் சேர வேண்டும். வெக்கை நோய் இப்பாடத்தைப் புகட்டிற்று. மாட்டுக்குக் காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல் கண்டு ஒரு வாரத்தில் தொழுவத்தையே காலியாக்கும் இந்நோயை நம் முன்னோர் நன்கறிவர். எடின்பரோ நகரில் கால்நடை மருத்துவம் கற்பித்த ஜான் காம்ஜி, கப்பல்வழி நடக்கும் மாட்டு வணிகத்தால் இந்நோய் பிரிட்டனுக்குள் புகும் என்று முன்னரே எச்சரித்தார். அவருடைய அழைப்பின்பேரில் 1863இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பத்து நாடுகளைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் நூறு பேர் அளவில் கூடினர். உலகின் முதல் கால்நடை மருத்துவ மாநாடு அதுவே. நோயுற்ற மாடு எல்லை கடப்பதைத் தடுக்கும் வழிகளே அங்குப் பேசப்பட்டன.

இரண்டே ஆண்டுகள் சென்றன. 1865 கோடையில், பால்டிக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்த மாடுகள் வழியாக லண்டன் பால் கொட்டில்களில் வெக்கை நோய் தலைகாட்டிற்று. அங்கிருந்த மருத்துவர்களுள் மிகப் பலர் வாழ்நாளில் அந்நோயைக் கண்டவரல்லர். இலட்சக்கணக்கான மாடுகள் மாண்டன. மருந்தென்று சொல்லி எதையெதையோ புகட்டிப் பார்த்தபின், இறுதியில் மாடுகளை இடம் பெயர்க்காமல் தடுத்ததும், நோயுற்றவற்றைக் கொன்று புதைத்ததுமே 1867இல் நோயை அடக்கின. காம்ஜி சொன்னதும் அதுதான். சொன்னவர் இருந்தார், செய்தியும் இருந்தது, கேட்க வேண்டியவர்கள் காலத்தில் கேட்கவில்லை.

1888ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வில்லியம் ஹன்டிங் என்னும் மருத்துவர் ‘வெட்டரினரி ரெக்கார்ட்’ என்ற வார இதழை அவ்வாண்டு தொடங்கினார். இன்றும் அது வெளிவருகிறது. அதே ஆண்டில் ஜான் மக்ஃபெடியன் நோய்க்கூற்றியல் ஆராய்ச்சிக்கென வேறோர் இதழ் கண்டார். முன்னது களத்தில் நிற்பவர்க்கு; பின்னது ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்க்கு. இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் வரையில் தொழிலுக்கு நலம். பாராமுகம் ஆனால் கேடு.

இந்த மக்ஃபெடியனைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் செல்ல மனமில்லை. 1901இல் லண்டனில் காசநோய் மாநாடு நடைபெற்றது. காசக் கிருமியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்ற ராபர்ட் காக் மேடையேறி, மாட்டின் காசநோய் மனிதர்க்குத் தொற்றுவது மிக மிக அரிது, அதற்கெனத் தடுப்பு நடவடிக்கை தேவையில்லை என்றார். அவர் சொல்லை மறுக்க யாருக்குத் துணிவு வரும்? அப்போது லண்டன் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த மக்ஃபெடியன் அதே மாநாட்டில் எழுந்து மறுத்துரைத்தார். நோயுற்ற பசுவின் பால் குழந்தைகளுக்கு ஆபத்தானது என்பதற்குத் தம்மிடமிருந்த சான்றுகளை அடுக்கினார். அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. பத்தாண்டு ஆய்வுக்குப் பின் 1911இல் வெளிவந்த அதன் இறுதி அறிக்கை, மாட்டுக் காசம் மனிதர்க்கும் தொற்றும் என்றே முடிவு கூறிற்று. பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காகக் கண்ணெதிரே காண்பதைக் கைவிடலாகாது என்பதும் மருத்துவர் கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்று. இப்பாடம் தொண்ணூற்றெட்டு ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டில் மீண்டும் தேவைப்பட்டது. அதனைப் பிறகு காண்போம்.

தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. இந்திய மருத்துவர்க்கென ‘இந்தியன் வெட்டரினரி ஜர்னல்’ 1924இல் தோன்றியதும் சென்னையில்தான். மாவட்டத்துக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தவர்களுக்கு அவ்விதழ் வகுப்பறையாயிற்று. வெள்ளைக்கார அதிகாரிகளே ஆராய்ச்சி செய்வர், இந்தியர் ஊசி போடுவர் என்றிருந்த நிலையில், இந்தியர் தம் அனுபவத்தைத் தம் பெயரிலேயே அச்சில் ஏற்ற ஒரு களம் கிடைத்தது எளிய செய்தியன்று.

மலாயாவில் நீண்ட காலம் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் சென்று படித்துத் திரும்பியவர்களே பணியாற்றினர். செர்டாங்கில் கால்நடை மருத்துவப் புலம் 1970களின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. தோட்டப்புற லயங்களின் பின்னே பசு வளர்த்த நம்மவர், மாடு நோயுற்றால் முதலில் நாடியது கைவைத்தியம் தெரிந்த பெரியவரைத்தான். அரசாங்க மாட்டு டாக்டர் வருவதற்குள் கதை முடிந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு வந்த டாக்டரோ வேறு நாட்டுத் தட்பவெப்பத்துக்கும் வேறு நாட்டு மாடுகளுக்கும் எழுதப்பட்ட நூல்களைப் படித்தவர். இவ்வூர் நோயை அவர் இவ்வூர்த் தொழுவத்தில்தான் கற்க வேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கைநூல்கள் பெருகின. 1955இல் முதன்முதல் வெளிவந்த ‘மெர்க் கால்நடை மருத்துவக் கைநூல்’ பல நாடுகளில் மருத்துவர் பைக்குள் இடம் பிடித்தது. இன்று அது கணினியில் யாவர்க்கும் விலையின்றிக் கிடைக்கிறது. ஆயினும் கைநூல் எவ்வளவு தடித்திருந்தாலும் நேற்று வந்த நோய் அதில் இராது.

1978ஆம் ஆண்டு இதனை மெய்ப்பித்தது. அவ்வாண்டு பல நாடுகளில் நாய்கள் வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டு விழுந்தன. குட்டிகள் சில இதயம் தாக்குண்டு திடீரென இறந்தன. எந்தப் பாடநூலிலும் இதற்குப் பெயரில்லை. பார்வோ எனப்படும் வைரஸ் இது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு என்பது விரைவில் புலனாயிற்று. நாய்க்கெனத் தடுப்பூசி உருவாகும் வரையில் பூனைத் தடுப்பூசியையே நாய்க்குப் போட்டுச் சமாளித்தார்கள். இச்செய்தி எட்டிய மருத்துவர் கையில் நாய்கள் பிழைத்தன. எட்டாதவர் கையில் மடிந்தன. இருவரும் ஒரே கல்லூரியில் ஒரே ஆண்டில் பட்டம் பெற்றவராகவும் இருந்திருக்கலாம்.

இத்தகைய இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் எழுந்தது. பால் பியன் என்னும் மருத்துவர், பூனைகள் இதயம் வீங்கி இறப்பதற்குக் காரணம் ஆலைகளில் செய்த பூனை உணவில் டாரின் என்னும் சத்துக் குறைவே என்று 1987இல் உடன் ஆய்வாளர்களோடு வெளியிட்டார். உணவு செய்யும் நிறுவனங்கள் அச்சத்தைக் கூட்டிச் சேர்த்ததும் அந்நோய் பெருமளவு மறைந்தது. 1991இல் அவர் மற்றொருவருடன் சேர்ந்து, ஊர் ஊராகப் பிரிந்திருந்த மருத்துவர்கள் கணினி வழியே ஒருவரையொருவர் ஐயம் கேட்டுத் தெளியும் அமைப்பை உண்டாக்கினார். யூவாட் அச்சில் செய்ததை இவர் மின்கம்பியில் செய்தார் என்க.

இன்று பல நாடுகளில் பின்படிப்பு கட்டாயம். பிரிட்டனில் கால்நடை மருத்துவர் ஆண்டுக்கு 35 மணி நேரம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இரண்டாண்டுக்கு 36 மணி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மணிக்கணக்கு வேறு, கற்ற கணக்கு வேறு. குளிரூட்டிய விடுதி அறையில் மருந்து நிறுவனம் விருந்து வைத்து நடத்தும் சொற்பொழிவும் மணிக்கணக்கில் சேர்ந்துவிடக்கூடும். அங்கே அந்நிறுவனத்தின் மருந்தைப் பற்றிய குறை எவர் வாயிலிருந்து வரும்?

ஒரு மருந்தின் குறை மருத்துவர் காதுக்கு எட்டாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு டைக்ளோபினாக் சான்று. மாட்டின் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும் மலிவான ஊசி அது. இந்தியாவில் பட்டிதொட்டியெங்கும் அதனை நல்லெண்ணத்தோடு போட்டு வந்தார்கள். மாட்டுக்கு அதனால் கேடில்லை. ஆனால் ஊசி போட்ட சில நாளில் மாடு இறந்தால், அதன் ஊனைத் தின்ற பிணந்தின்னிக் கழுகு சிறுநீரகம் பழுதாகி மடிந்தது. பாறு என்று பழந்தமிழர் அழைத்த பறவை இதுவே. 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்துக்கு ஒன்றென்னும் அளவுக்கு அருகிவிட்டன. காரணம் இன்னதென்று பாகிஸ்தானில் செய்த ஆய்வு 2004இல்தான் வெளிவந்தது. 2006இல் இந்திய அரசாங்கம் கால்நடைக்கு அம்மருந்தைத் தடை செய்தது. மெலாக்சிகாம் என்னும் மாற்று மருந்தும் காட்டப்பட்டது. தடைக்குப் பின்னரும் மனிதர்க்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் நிற்கவில்லை. 2015இல் மனிதர்க்கான புட்டியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைக்க வேண்டியதாயிற்று. சட்டம் தலைநகரில் பிறந்துவிட்டது. செய்தி சிற்றூர்த் தொழுவத்துக்கு நடந்து போய்ச் சேரவேண்டியிருந்தது. நீலகிரி அடிவாரத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள பாறுகள் இன்றும் அந்தச் செய்தியை நம்பியே உயிர் வாழ்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1998 செப்டம்பர் இறுதியில் ஈப்போவை அடுத்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் கடுங்காய்ச்சலும் மயக்கமுமாக மருத்துவமனைக்கு வந்தனர். சிலருடைய இரத்தத்தில் ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் அறிகுறி தென்பட்டது. அது கொசுவால் பரவுவது. பன்றியின் உடலில் பெருகுவது. எனவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோயோ நிற்கவில்லை. அஞ்சியவர் பன்றிகளை விற்றுத் தள்ள, அவற்றோடு நோயும் நெகிரி செம்பிலானின் சிக்காமட், புக்கிட் பெலாண்டோக் பகுதிகளுக்குச் சென்றது.

பொருந்தாத குறிகள் பல இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கோ விழுந்தவர் உழைக்கும் வயதினர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் விழுந்தனர். கொசு எல்லாரையும் கடிக்கும். ஆனால் பன்றியைத் தொடாத அண்டை வீட்டார் நலமாக இருந்தனர். பின்னர் மருத்துவமனையில் ஆராயப்பட்ட 94 நோயாளருள் 93 விழுக்காட்டினர் பன்றியோடு நேரடியாகப் பழகியவர் என்று கணக்கிட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றிகளே வாய் திறந்து சொல்லிக்கொண்டிருந்தன. வளர்ந்த பன்றிக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தால் வெளியே பெரிதாகத் தெரிவதில்லை. இப்பன்றிகளோ நாய் குரைப்பது போல் உரக்க இருமின. சில நடுங்கி விழுந்தன. பண்ணை நாய்களும் நோயுற்றன. ஆனால் இறந்த பன்றிகள் சிலவே. ஆகையால் வழக்கமான சளிக் காய்ச்சல் போலும் என்று எண்ண இடமிருந்தது. 1996ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே இந்நோய் பன்றிகளிடையே உலவியிருக்க வேண்டும் என்று பழைய பதிவுகளைப் புரட்டிய ஆய்வாளர் பின்னர் கருதினர்.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற முடிவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. அதனை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசென்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, அது முற்றிலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்ததென்று தெரிந்தது. 1901இல் மக்ஃபெடியன் காட்டிய துணிவுக்கு இது நிகர். அதன்பின் கொசுவை விட்டுப் பன்றியைக் கவனித்தார்கள். ஏறத்தாழ 11 இலட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்திருந்தனர். சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோய்வாய்ப்பட்டு ஒருவர் மாண்டார். பண்ணைகளில் கொட்டிலை ஒட்டி நின்ற பழமரங்களில் பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட கனிகளே வைரஸைப் பன்றிக்குக் கொண்டுவந்தன என்பது பிற்பாடு தெளிந்தது. கொட்டிலருகே பழமரம் நடாதே என்ற எளிய விதிக்குப் பின்னே இத்தனை உயிர்கள் இருக்கின்றன.

இதில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. இந்த நிப்பா வைரஸ், அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் எதனோடு உறவு காட்டிற்று? ஹென்ட்ரா என்னும் வைரஸோடு. 1994 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர்ப் புறத்திலுள்ள ஹென்ட்ராவில் ஒரு பந்தயக் குதிரை இலாயத்தில் குதிரைகள் பத்துக்கு மேல் மடிந்தன. அவற்றைப் பேணிய பயிற்சியாளரும் இறந்தார். சில வாரங்களில் வைரஸைக் கண்டனர். அடுத்த ஆண்டே ஆய்விதழில் வெளியிட்டனர். வௌவாலே அதன் இருப்பிடம் என்பதையும் தொடர்ந்து கண்டறிந்தனர். விலங்கிலிருந்து மனிதர்க்குத் தாவிக் கொல்லும் இப்படியொரு வைரஸ் குடும்பம் உண்டு என்பது, நம் பண்ணைகளில் முதல் மனிதர் விழுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அச்சில் இருந்தது. ஆனால் அது குதிரை நோய். வேற்று நாட்டு நோய். பன்றிப் பண்ணைகளை நாள்முழுதும் சுற்றி வருகின்ற ஒருவர் குதிரை நோய்க் கட்டுரையை எதற்காகப் படிப்பார்? அவரைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அறிவைக் குதிரைக்கு ஒரு பெட்டி, பன்றிக்கு ஒரு பெட்டி, மனிதர்க்கு ஒரு பெட்டி என்று அடைத்து வைத்த ஏற்பாட்டையே குறை கூற வேண்டும். வைரஸ் அப்பெட்டிகளை மதிக்கவில்லை.

பெட்டி திறந்த பிறகு என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கலாம். 2018 மே மாதம் கேரளத்துக் கோழிக்கோட்டில் ஒரே குடும்பத்தில் இரண்டாமவர் அதே குறிகளோடு மருத்துவமனைக்கு வந்ததும் மருத்துவர் ஐயுற்றனர். விரைவிலேயே நிப்பா என்று கண்டுகொண்டனர். பதினெண்மரளவில் நோய் கண்டு பெரும்பாலோர் இறந்தனர் என்பது கொடிதே. எனினும் அது நாட்டுக்குள் பரவவில்லை.

ஆஸ்திரேலியாவிலோ ஹென்ட்ரா அவ்வப்போது திரும்பி வந்தது. அங்கு இதுவரை அந்நோய் கண்ட மனிதர் எழுவர், இறந்தோர் நால்வர். அந்நால்வருள் இருவர், குவீன்ஸ்லாந்தில் 2008இலும் 2009இலும் நோயுற்ற குதிரைகளுக்கு மருத்துவம் செய்யப்போய் உயிர் நீத்த கால்நடை மருத்துவர்கள். 2012 நவம்பரில் குதிரைகளுக்கான தடுப்பூசி வெளிவந்தது. அது வந்த தொடக்கத்தில், பட்டம் இருக்கிறது, அனுபவம் இருக்கிறது என்று எந்த மருத்துவரும் அவ்வூசியைக் கையில் எடுத்துவிட முடியவில்லை. ஹென்ட்ராவைப் பற்றிய தனிப் பாடத்தைக் கணினி வழியே படித்து முடித்துச் சான்று பெற்றவர்க்கு மட்டுமே அதைக் குதிரைக்குப் போட அனுமதி தரப்பட்டது.